பத்து நிமிடக் காற்று: தென் டர்பன் மியர்பேங்க் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இடமும் மக்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சிறிது தூரம் போனால் மியர்பேங்க் வந்துவிடும். கடலோரமாக நீளும் பிளஃப் மணற்குன்று ஒரு பக்கம், உள்நாட்டை நோக்கி உயரும் மேடு மறுபக்கம், நடுவில் தொட்டிபோலத் தாழ்ந்த நிலம். சதுப்பாகக் கிடந்த இந்த நிலத்தைத்தான் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த நம் முன்னோர்கள் குத்தகைக்கு எடுத்து, கீரையும் கத்தரியும் வாழையும் பயிரிட்டு, டர்பன் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் அமைந்துள்ள நட்டால் பகுதிக்கு வந்திறங்கினர். அவர்களில் சென்னைத் துறைமுகம் வழியே வந்தவர்களே மிகுதி. அவர்களுடைய பேரன் பேத்திகளும், அவர்களுக்குப் பிறந்தவர்களுமே இன்று இந்த வீதிகளில் வாழ்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் முதல் கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1954இல் இந்தப் பள்ளத்தின் வென்ட்வொர்த் பகுதியில் தொடங்கப்பட்டது. அது பிற்காலத்தில் என்ஜென் என்ற பெயரைப் பெற்றது. ஷெல், பிபி ஆகிய இரு நிறுவனங்களும் கூட்டாக நடத்திய சாப்ரெஃப் ஆலை 1963இல் தெற்கே எழுந்தது. நாளொன்றுக்கு 1,80,000 பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கக்கூடிய அந்த ஆலையே நாட்டின் மிகப் பெரிய கச்சா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையாக நெடுங்காலம் இருந்தது. 1970களில் காகித ஆலையும் சேர்ந்துகொண்டது. இவற்றைச் சுற்றி வேதிப்பொருள் கிடங்குகளும், சாயப் பட்டறைகளும், கழிவுநீர் நிலையமும் வரிசையாக வந்தன.

ஆலைக்கு அருகில் போய் வீடு கட்டிக்கொண்டது யார் குற்றம் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் எந்த இனத்தார் எங்கே வசிக்கலாம் என்பதை வரைபடத்தில் கோடு போட்டுத் தீர்மானித்தது. நகரின் பல பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்கு மியர்பேங்கிலும், கலப்பினத்தார் என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு வென்ட்வொர்த்திலும், கறுப்பின மக்களுக்கு லாமொண்ட்வில், உம்லாசி ஆகிய இடங்களிலும் வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஆலைக்கு உழைப்பாளிகள் அருகிலேயே வேண்டும், அவர்கள் வெள்ளையர் பகுதிக்குள் வரக்கூடாது என்ற இரு கணக்குகளும் ஒரே வரைபடத்தில் நிறைவேறின. திருவாங்கூர் டிரைவ் போல இந்திய ஊர்ப் பெயர்களைத் தெருக்களுக்குச் சூட்டியவர்கள், அந்தத் தெருக்களில் வாழப்போகிறவர்கள் எந்தக் காற்றைச் சுவாசிப்பார்கள் என்று கேட்டுப் பார்க்கவில்லை. இந்த ஆய்வில் நோயின் காரணங்களைத் தேடும்போது, கந்தகத்துக்கு முன்பாக அந்த வரைபடத்தைத்தான் நான் எழுதிக்கொள்கிறேன்.

புகை தங்கும் பள்ளம்

கச்சா எண்ணெயில் இயல்பாகவே கந்தகம் உண்டு. மத்திய கிழக்கிலிருந்து வரும் எண்ணெயில் அது எடையில் பெரும்பாலும் 1 முதல் 3 விழுக்காடு வரை இருக்கும். சுத்திகரிப்பின்போது அந்தக் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயுவாகப் பிரிகிறது. அழுகிய முட்டையின் நாற்றம் என்று நாம் முகம் சுளிப்பது அதைத்தான். கந்தக மீட்பு அலகு என்ற பிரிவு அந்த வாயுவைத் திடக் கந்தகமாக மாற்றித் தனியே எடுக்கிறது. அலகு ஒழுங்காக ஓடும் நாட்களில் கந்தகத்தின் பெரும் பங்கு இப்படிப் பிடிபட்டுவிடும். எஞ்சியது கந்தக டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே வெளியேறும். மலிவான கன எண்ணெயைக் கொதிகலன்களில் எரித்த காலத்தில், அதிலிருந்த கந்தகமும் அப்படியே வானத்துக்குப் போனது.

சிக்கல் பெரும்பாலும் ஒழுங்காக ஓடாத நாட்களில்தான் பிறக்கிறது. மின்சாரம் தடைப்பட்டாலோ, ஓர் அலகு திடீரென நின்றாலோ, பராமரிப்பு முடிந்து ஆலையை மீண்டும் இயக்கத் தொடங்கினாலோ, மீட்பு அலகுக்குப் போக வேண்டிய வாயு முழுவதையும் எரிகோபுரத்துக்குத் திருப்பி எரித்துவிடுகிறார்கள். எரிக்காமல் விடுவது அதைவிட ஆபத்து என்பதால் பாதுகாப்பு நோக்கில் அது சரியான செயலே. ஆனால் ஒரு மாதத்தில் வெளியாகக்கூடிய கந்தக டை ஆக்சைடின் கணிசமான பகுதி அந்தச் சில மணி நேரத்தில் வெளியாகிவிடலாம். இரவில் வானம் செம்மஞ்சளாக ஒளிர்ந்து, வீட்டுச் சுவரில் நிழல் ஆடுவதைக் கண்டு வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். அதைத் தீபாவளி வெளிச்சம் என்று குழந்தைகளுக்குச் சொல்லித் தூங்கவைத்த தாய்மார்களை நான் அறிவேன்.

கந்தகம் ஒன்று மட்டுமல்ல. கொதிகலன்களும் லாரிகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளைத் தருகின்றன. எண்ணெய்த் தொட்டிகளின் மூடிகளிலிருந்தும் குழாய் இணைப்புகளிலிருந்தும் பென்சீன் போன்ற ஆவிகள் கசிகின்றன. நிலக்கரிக் கொதிகலன்களும் டீசல் எஞ்சின்களும் நுண்துகள்களை உமிழ்கின்றன. கந்தக வாயுவும் நைட்ரஜன் வாயுவும் காற்றிலேயே வேதிமாற்றம் அடைந்து மேலும் நுண்துகள்களாகின்றன.

இவையெல்லாம் எங்கே போகின்றன என்பதை நிலமும் பருவமும் தீர்மானிக்கின்றன. டர்பன் கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ, கடற்கரைக்கு இணையாகவே வீசும். வடகிழக்குக் காற்று வீசினால் வென்ட்வொர்த் ஆலையின் புகை மியர்பேங்கை நோக்கி வரும். தென்மேற்குக் காற்று வீசினால் சாப்ரெஃப் புகை வரும். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு பங்கு உண்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இரவு தெளிவாக இருக்கும்போது நிலம் விரைவில் குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று கனத்துக் கீழே படிய, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல அமர்ந்துகொள்கிறது. வெப்பத் தலைகீழ் அடுக்கு என்று இதைச் சொல்வார்கள். புகை மேலே எழ வழியின்றித் தொட்டிக்குள் பரவி நிற்கும். இங்கே குளிர்காலத்தில் மழையும் குறைவு என்பதால் காற்றைக் கழுவிவிட ஒன்றும் இருக்காது.

தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்கு ஆடி என்றால் வெயில் தணியத் தொடங்கும் காலம். நமக்கு ஆடி நடுக் குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் அதிகாலைகளில், கோயில் வாசலில் அடுப்புப் புகை நேராக மேலே போகாமல் இடுப்பளவில் படுக்கைவாட்டமாக இழுபட்டு நிற்பதைப் பார்த்தால், அன்றைய தலைகீழ் அடுக்கைக் கருவி இல்லாமலே கண்டுகொள்ளலாம். அடுப்புப் புகை நிற்கும் நாளில் ஆலைப் புகையும் நிற்கிறது.

மூச்சுக்குழாயில் நடப்பது

சனிக்கிழமைகளில் நான் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு வந்த ஒன்பது வயதுப் பையனைப் பற்றி இங்கே எழுத அவனுடைய ஆயாவின் அனுமதி உண்டு, பெயர் வேண்டாம். நன்றாக இருந்தவன், வெளியே பந்து விளையாடிவிட்டு வந்து கால் மணி நேரத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு தோள்களை உயர்த்தி மூச்சு வாங்கத் தொடங்கினான். விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுபட்டது. மூச்சு விடும்போது புல்லாங்குழலில் காற்றுக் கசிவதுபோன்ற சத்தம். அவனுடைய பையில், மூச்சோடு இழுக்கும் மருந்துள்ள நீல நிறப் பம்ப் இருந்தது. அதோடு அரை லிட்டர் குளிர்பானப் புட்டி ஒன்றும் இருந்தது. புட்டியின் அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியைப் பசையால் அடைத்திருந்தார்கள். பம்பை அந்தத் துளையில் பொருத்தி ஒருமுறை அழுத்தினால் மருந்து புட்டிக்குள் பரவி நிற்கும். குழந்தை புட்டியின் வாயில் உதடு வைத்து மெல்ல ஐந்தாறு முறை இழுத்தால் போதும். பம்புக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் விலை உயர்ந்த இடைக்கலத்துக்கு இணையாக இந்தப் புட்டி பயன்படுகிறது என்பதைக் கேப் டவுன் குழந்தை மருத்துவர் ஹெதர் ஸாரும் அவருடைய குழுவினரும் 1999இல் நிறுவினார்கள். ஏழை நாடுகளில் எத்தனையோ குழந்தைகளுக்கு மூச்சைத் திருப்பித் தந்த கண்டுபிடிப்பு அது. அன்று எங்கள் வகுப்பிலும் திருப்பித் தந்தது.

"வாத்தியாரம்மா, காலையிலேயே நாத்தம் அடிச்சுது. வெளிய விடாதீங்கன்னு சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்" என்று அந்த ஆயா என்னிடம் வருந்தினார். அவர் வருந்த வேண்டிய காரியம் அல்ல அது.

ஏன் விளையாடிய பிறகு? கந்தக டை ஆக்சைடு நீரில் எளிதாகக் கரையும் வாயு. அமைதியாக மூக்கால் சுவாசிக்கும்போது மூக்கின் ஈரமான உட்பரப்பே அதில் பெரும் பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. ஓடி ஆடும் குழந்தை வாயால் வேகமாகச் சுவாசிக்கிறது. வடிகட்டி இல்லாமல் வாயு நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அங்குள்ள நரம்பு முனைகளை அது தூண்ட, குழாயைச் சுற்றிய தசை சுருங்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தச் சுருக்கம் ஏற்பட ஐந்து, பத்து நிமிடங்களே போதும். ஆஸ்துமா இல்லாத குழந்தை அதே காற்றில் இருமலோடு தப்பிவிடலாம்.

நுண்துகள்களின் வேலை வேறு விதம், மெதுவானது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் காற்று நுண்ணறை வரை இறங்குகின்றன. மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. நுரையீரலில் தொடங்கும் அழற்சி உடலெங்கும் பரவி, இரத்தக் குழாய்களைத் தடிக்கச் செய்து, இரத்தம் உறைவதை எளிதாக்குகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் இப்படித்தான் காற்றோடு தொடர்பு கொள்கின்றன. சர்க்கரையும் இதய நோயும் ஏற்கெனவே மிகுந்துள்ள நம் சமூகத்தில், முதியவர் ஒருவர் குளிர்காலத்தில் திடீரென மறைந்தால் நாம் வயதையும் விதியையும் மட்டுமே சொல்லிக்கொள்கிறோம். 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 42 லட்சம் அகால மரணங்களுக்கு வெளிக்காற்று மாசு காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வெளிக்காற்று மாசையும் அதிலுள்ள நுண்துகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2013இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. பென்சீன் இரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ளது என்பதில் அதற்கு முன்பே ஐயமில்லை.

சராசரி மறைப்பது

இந்த நிகழ்வின் மையத்துக்கு இப்போது வருகிறேன். நாற்றம் அடித்த நாளில் குழந்தைக்கு மூச்சு முட்டியது என்று குடும்பங்கள் பல்லாண்டுகள் சொன்னபோது, அன்றைய அளவு வரம்புக்குள்தான் இருந்தது என்ற விடையே திரும்பத் திரும்பக் கிடைத்தது. பல நேரங்களில் இரு தரப்பும் சொன்னது உண்மை. எப்படி என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். 1,430 நிமிடங்களுக்குக் காற்றில் கந்தக டை ஆக்சைடு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மீதி பத்து நிமிடங்களுக்கு மட்டும் எரிகோபுரப் புகை கீழே இறங்கி 3,000 மைக்ரோகிராம் ஆகிறது. நாள் முழுவதற்குமான சராசரி ஏறத்தாழ 41 மைக்ரோகிராம். தென்னாப்பிரிக்கா 2009 டிசம்பரில் அறிவித்த தரநிலையின்படி 24 மணி நேர வரம்பு 125. ஆகவே அந்த நாள் நல்ல நாள். ஆனால் அதே தரநிலையில் பத்து நிமிட வரம்பு 500. அதைப்போல ஆறு மடங்குக் காற்றை, பள்ளி இடைவேளையில் ஓடிக்கொண்டிருந்த குழந்தை சுவாசித்திருக்கிறது. சராசரி பொய் சொல்லவில்லை. கேட்கப்பட்ட கேள்வியே தவறு. மூச்சுக்குழாய் 24 மணி நேரத்தைக் கூட்டி வகுத்துச் சுருங்குவதில்லை.

பத்து நிமிட வரம்பு ஒன்று சட்டத்தில் இடம்பெற்றது பெரிய முன்னேற்றம், அதில் ஐயமில்லை. ஆனால் அதற்குள்ளேயே ஒரு சலுகை இருக்கிறது: ஆண்டுக்கு 526 முறை அந்த வரம்பு மீறப்படலாம். ஓர் ஆண்டில் 52,560 பத்து நிமிடங்கள் உள்ளன. அதில் ஒரு விழுக்காடுதான் அந்த 526. ஒரு விழுக்காடு என்று சொன்னால் சிறியதாகத் தெரிகிறது. பள்ளிக்கூடம் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாட்கள் நடக்கிறது; அந்த 526 முறையும் எந்த நேரத்தில் வரும் என்பதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் பத்து நிமிட அளவும் 500தான். எண் ஒன்றே, ஆனால் மீறலுக்கான அனுமதி நாம் சேர்த்துக்கொண்டது. 24 மணி நேரத்துக்கு அந்நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 40. நம் நாட்டு வரம்பு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

பள்ளியில் அளந்தவை

இரு சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் இடையில் அமைந்தது மியர்பேங்கின் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளி. 2000களின் தொடக்கத்தில் நட்டால் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்கே மாணவர்களின் நுரையீரலைப் பரிசோதித்தார்கள். வெறும் வினாத்தாளோடு நிற்காமல், பிள்ளைகளைப் பள்ளி நேரத்தில் பலமுறை கருவியில் ஊதவைத்து, அதே நேரத்துக் காற்றின் அளவுகளோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான் அந்த ஆய்வின் வலிமை. ஏதோ ஒரு நிலையில் ஆஸ்துமா அறிகுறி உடைய பிள்ளைகள் பாதிக்கும் மேல் என்று தெரியவந்தது. அவர்களில் பலருக்கு நோய் மிதமான அல்லது கடுமையான கட்டத்தில் இருந்தது. பெற்றோர் அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததற்கு எண் கிடைத்தது.

ஐயம் எழுப்பியவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவையே. டர்பன் காற்றின் ஈரத்தில் வீட்டுத் தூசிப் பூச்சியும் பூஞ்சையும் செழிக்கின்றன. வீட்டில் புகைப்பவர் இருந்தாலும் குழந்தைக்கு இளைப்பு வரும். ஒரே பள்ளியை மட்டும் பார்த்து ஆலையைக் குற்றம் சொல்ல முடியுமா? இதற்கு விடை தேடித்தான் 2004–05இல் ஏழு தொடக்கப் பள்ளிகளில் பெரிய ஆய்வு நடந்தது. நான்கு தெற்கில், மூன்று ஆலைகள் இல்லாத வடக்கில். அதே ஈரக்காற்று, அதே நகரம். தெற்குப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு நீடித்த ஆஸ்துமாவும், மூச்சுக்குழாய் மிகையாகச் சுருங்கும் தன்மையும் கூடுதலாகக் காணப்பட்டன. அத்துடன், காற்றின் மாசு சற்று ஏறிய நாட்களை அடுத்து, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் நுரையீரல் திறன் குறைவதும் பதிவானது. இங்கே ஒரு குழந்தையை வேறொரு குழந்தையோடு ஒப்பிடவில்லை. அதே குழந்தையின் இன்றைய மூச்சை நேற்றைய மூச்சோடு ஒப்பிட்டார்கள். வீட்டுப் பூஞ்சை ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. நச்சை முறிக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்களில் சில வகைகளைக் கொண்ட பிள்ளைகளுக்கு இந்தப் பாதிப்பு கூடுதல் என்றும் அந்த ஆய்வு காட்டியது. எல்லோருக்கும் ஒரே வரம்பு என்று எழுதும்போது, அந்த வரம்பு யாருடைய உடலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

புற்றுநோய் குறித்து இதே உறுதியோடு எழுத இயலாது. 2000ஆம் ஆண்டில் டர்பனின் தி மெர்குரி நாளிதழ் மியர்பேங்கில் குழந்தைகளிடையே இரத்தப் புற்றுநோய் மிகுந்திருப்பதாகத் தொடர் கட்டுரைகள் வெளியிட்டு நாட்டையே உலுக்கியது. அந்தக் கட்டுரைகள் இல்லாமல் அரசு அசைந்திருக்காது. ஆயினும் சிறிய பகுதி ஒன்றில் அரிய நோய் ஒன்று சிலருக்கு வந்தால், அதைத் தற்செயலிலிருந்து பிரித்தறிவது கடினம். பென்சீன் காரணமாக இருக்கக்கூடும் என்பது வேறு, இந்தக் குழந்தைக்கு இதனால்தான் வந்தது என்பது வேறு. பிள்ளையை இழந்த பெற்றோரிடம் இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஆஸ்துமாவுக்கு இருக்கும் சான்றின் வலிமையை, உறுதிப்படாத ஒன்றோடு கட்டி வைத்தால் இரண்டுமே பலவீனப்படும்.

வாளி

1965ஆம் ஆண்டின் பழைய காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ், ஓர் ஆலை எவ்வளவு புகை விடலாம் என்ற அனுமதிச் சான்றிதழ் அரசுக்கும் ஆலைக்கும் இடையிலான செய்தியாகவே இருந்தது. சுத்திகரிப்பு ஆலைகள் நாட்டின் பாதுகாப்புக்குரிய முக்கிய இடங்களாகவும் கருதப்பட்டதால், கேட்பதே குற்றமாகிவிடக்கூடிய காலம் அது. 1995இல் குடியரசுத் தலைவர் நெல்சன் மண்டேலா என்ஜென் ஆலைக்கு வந்தபோது, வாயிலில் பதாகை ஏந்தி நின்ற குடியிருப்பாளர்களைக் கண்டு வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசினார். அதன்பின் பேச்சுவார்த்தைகள் தொடங்கின. வெள்ளையர், கறுப்பினத்தார், இந்தியர், கலப்பினத்தார் என்று வரைபடம் பிரித்துவைத்த அக்கம்பக்கத்தார் தென் டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பாக ஒன்று சேர்ந்தனர். வென்ட்வொர்த்தில் வளர்ந்த பாபி பீக் 1998இலும், டெஸ்மண்ட் டிசா 2014இலும் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது பெற்றனர். ஒரே பள்ளத்திலிருந்து இருவர்.

அந்தக் காலத்தில் நான் மிகவும் மதித்த கருவி ஒரு பிளாஸ்டிக் வாளி. வண்ணப்பூச்சு வாளி அளவுதான் இருக்கும். மூடியில் இரண்டு துளைகள். உள்ளே வேதிப்பொருளோடு வினை புரியாத ஒரு வகைப் பை. சிறு பம்பால் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால், வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்று குழாய் வழியே பைக்குள் வரும். பை உப்பியதும் வாயைத் திருகி அடைத்து, நேரத்தையும் காற்றின் திசையையும் எழுதி, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நாற்றம் வீசும் அந்த நிமிடத்திலேயே, அது வீசும் வாசலிலேயே காற்றைப் பிடிப்பதுதான் வாளியின் சிறப்பு. நிலையான கருவி வேறு திசையில் இருக்கும்போது தவறவிடும் உச்சத்தை இது பிடித்தது. பென்சீன் இருப்பது வெளியானது. ஒரு பைக் காற்று ஆண்டு முழுவதையும் சொல்லிவிடாது என்ற மறுப்பு வந்தது, சரியான மறுப்புத்தான். அதற்கு விடையாக, ஆண்டு முழுவதும் அளக்க நிலையங்கள் வையுங்கள் என்று மக்கள் கேட்டார்கள்.

2000 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சர் வல்லி மூசா தென் டர்பனுக்கான பல்முனைத் திட்டத்தை அறிவித்தார். டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் பொறுப்பில் செட்லர்ஸ் பள்ளி, கங்கை உயர்நிலைப் பள்ளி, தென் கழிவுநீர் நிலையம் முதலிய இடங்களில் கண்காணிப்பு நிலையங்கள் அமைந்தன. ஆலைகள் கன எண்ணெயைக் குறைத்து வாயு எரிபொருளுக்கு மாறின. கந்தக மீட்பு மேம்பட்டது. கந்தக டை ஆக்சைடின் அளவு தெளிவாகக் குறைந்தது. 2004ஆம் ஆண்டின் காற்றுத் தரச் சட்டம் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அளந்த பின்புதான் குறைந்தது என்ற வரிசையை மாற்றி எழுதக்கூடாது.

அரசமைப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, உடல்நலத்துக்குக் கேடு செய்யாத சுற்றுச்சூழல் ஒவ்வொருவருக்கும் உரியது என்கிறது. ஹைவெல்ட் நிலக்கரிப் பகுதியின் காற்றைக் குறித்து கிரவுண்ட்வொர்க் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் அங்குள்ள மக்களும் தொடுத்த வழக்கில், 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் இந்த உரிமை படிப்படியாக வரவேண்டியது அன்று, இப்போதே நிறைவேற்ற வேண்டியது என்று தீர்ப்பளித்தது. நிலக்கரி ஊர்களுக்காக எழுதப்பட்ட அந்த வரி எங்களுக்கும் பொருந்தும்.

ஆலைகள் நின்ற பிறகு

2020 டிசம்பர் 4ஆம் தேதி காலை ஏழு மணியளவில் என்ஜென் ஆலையில் வெடிப்பும் தீயும் ஏற்பட்டன. புகையை உள்ளிழுத்த சிலருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. அருகிலிருந்த குடியிருப்புக் கட்டடமும் தீக்கு ஆளானது. அதன்பின் அங்கே சுத்திகரிப்பு மீண்டும் தொடங்கவில்லை. எண்ணெய் இறக்கிச் சேமிக்கும் முனையமாக மாற்ற முடிவாயிற்று. 2022இல் சாப்ரெஃப் தன் பணியை நிறுத்தியது. அந்த ஏப்ரல் பெருவெள்ளம் ஆலைக்குள் புகுந்தது. 2024இல் அரசின் மத்திய எரிசக்தி நிதியம் அதை ஒரே ஒரு ராண்டுக்கு வாங்கிக்கொண்டது. அங்கே மீண்டும் சுத்திகரிப்பு தொடங்க வேண்டும் என்ற பேச்சும் உண்டு. வேலை இழந்த குடும்பங்களும் எங்கள் தெருக்களில்தான் இருக்கின்றன; அவர்களுடைய கவலையைச் சிறிதாக எண்ணிவிட முடியாது.

எரிகோபுரம் அணைந்துவிட்டது. சேமிப்புத் தொட்டிகள் இருக்கின்றன. காகித ஆலையும் வேதிப்பொருள் கிடங்குகளும் இருக்கின்றன. கண்டெய்னர் லாரிகளோ ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. கிளேர்வுட்டில் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த புல்வெளியில் இன்று சரக்குக் கிடங்குகள் நிற்கின்றன. டீசல் புகையும் 2012 முதல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் இருக்கிறது. புகைபோக்கி உயரத்திலிருந்து வந்த மாசு குறைந்து, லாரியின் வால்குழாய் உயரத்திலிருந்து வருவது கூடியிருக்கிறது. குழந்தையின் முகமும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஆகவே கண்காணிப்பு நிலையங்களை மூட இது நேரமல்ல. அவற்றின் பத்து நிமிட அளவுகளை, மாதக் கடைசியில் சராசரியாக அல்லாமல், அன்றன்றே பள்ளிகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும் என்பதே இந்த ஆய்விலிருந்து நான் வைக்கும் கோரிக்கை. அளவு ஏறியிருக்கிறது என்று தலைமையாசிரியருக்குத் தெரிந்தால், இடைவேளையில் பிள்ளைகளை வகுப்பறைக்குள் இருத்திவைக்க முடியும்.

கோயிலில் தரும் நாட்காட்டி ஒன்று எங்கள் சமையலறைக் கதவின் பின்னால் தொங்குகிறது. நாற்றம் அடித்த நாளில் 'நா' என்றும், வகுப்பில் யாராவது பம்ப் எடுத்த நாளில் 'ப' என்றும் பென்சிலால் குறித்துவைப்பேன். பல்லாண்டுப் பழக்கம், இதை ஆய்வு என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. பழைய நாட்காட்டிகளில் ஆடி மாதத் தாள்களில் இரண்டு எழுத்துகளும் பெரும்பாலும் ஒரே கட்டத்தில் இருக்கும். அண்மை ஆண்டுகளில் 'நா' அருகிவிட்டது. 'ப' இருக்கிறது, அது இப்போது குளிர்காலத்தோடு நிற்பதில்லை, லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களிலும் வருகிறது. அந்தப் பையன் வளர்ந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். புட்டியை மாற்றிவிட்டான், பம்ப் அதே நீல நிறம்தான்.